கல்லூரி கண்டவர் இல்லாத வீட்டுக்கு

மே மாதத்து வெயில் அண்ணாமலையின் பாறையில் பட்டுத் திரும்பி ஊரையே அடுப்பாக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மூன்றாம் நாள், செங்கம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு குடியானவர், மகனுடைய காகிதங்களை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, நான் உபாத்தியாயனாக இருந்த பள்ளிக்கூடத்தின் வேப்பமர நிழலில் வந்து நின்றார். பின்னால் நின்ற பையன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், பையன் பாஸாயிட்டான். நானூத்திப் பன்னெண்டு. அடுத்து இன்னா பண்றதுன்னு தெரியல."

"வீட்ல காலேஜ் போனவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க ஊட்ல ஏது சார்? பத்தாவது தாண்டினதே இவன்தான்."

கற்றவர் நிறைந்த ஒரு குடும்பத்தில், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே, மாமன் வந்தால் ஒரு யோசனை, சித்தி வந்தால் ஓர் எச்சரிக்கை, எதிர்வீட்டு உத்தியோகஸ்தர் வந்தால் ஒரு கதை என்று, இன்ன பாடம் எடுத்தால் இன்ன படிப்புக்குப் போகலாம், இன்ன காகிதம் இன்ன தேதிக்குள் வேண்டும் என்னும் விவரங்களெல்லாம் சோற்றோடு குழம்பு கலப்பது போலத் தாமாகவே கலந்து உள்ளே போய்விடுகின்றன. அங்கே யாரும் அதற்கு ஆயத்தம் என்று பெயர் வைப்பதில்லை. அந்தப் பேச்சு நடக்காத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே கல்லூரி கண்ட மூத்தவராக இருந்தாக வேண்டும். அரசுப் பள்ளி மாணவரை மேற்படிப்புக்கும் ஜீவனத்துக்கும் எப்படி ஆயத்தம் செய்கிறது என்று என்னைக் கேட்டால், பாடத்தை அது எல்லோருக்கும் நடத்துகிறது, மூத்தவருடைய வேலையைக் கேட்பவர்களுக்கு மட்டும் செய்கிறது என்றுதான் சொல்வேன். அது நியாயமன்று என்பது வேறு விஷயம். என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்காகவே இந்த அத்தியாயம்.

பள்ளிக்கூடத்தின் தலையில் இந்தப் பொறுப்பு எப்போது வந்தது என்பதைச் சற்றே சொல்லிவிடுகிறேன். நம் பாட்டனார் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன் மேலே படிக்க விரும்பினால் வேலூருக்கோ சென்னைக்கோ மூட்டை கட்ட வேண்டும். திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி வந்ததே 1966ஆம் ஆண்டில்தான், செய்யாற்றில் அதற்கு அடுத்த ஆண்டு. பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவே பி.யூ.சி. என்ற ஓராண்டு கல்லூரிக்குள்ளேயே இருந்தது. கிராமத்திலிருந்து வந்தவன் எதைப் படிப்பது என்று தடுமாறி நிற்கக் கல்லூரித் தாழ்வாரமாவது அவனுக்கு இருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்த ஓராண்டு இரண்டாண்டாகிப் பள்ளிக்குள் நுழைந்தது. தாழ்வாரமும் அதனோடு பள்ளிக்கே வந்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவது என்று தீர்மானிக்கும் இடம் அன்றுமுதல் நகராட்சி ஆண்கள் மேல்நிலைப்பள்ளியும், மகளிர் மேல்நிலைப்பள்ளியும், டேனிஷ் மிஷன் மேல்நிலைப்பள்ளியும், சுற்றுக் கிராமங்களின் அரசு மேல்நிலைப்பள்ளிகளும்தாம்.

அந்தத் தீர்மானத்துக்கு நம்மவர் ஒதுக்கும் அவகாசமோ, தேர்வு முடிவுக்கும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடையிலுள்ள சில நாட்கள்! மாட்டுச் சந்தைக்குப் போகிறவன்கூட ஒரு மாதம் முன்னாலிருந்து விலை விசாரிக்கிறான். நல்ல மதிப்பெண் என்றால் சயின்ஸ், நடுத்தரம் என்றால் காமர்ஸ், மிச்சமிருப்பவர்களுக்கு ஹிஸ்டரி அல்லது தொழிற்பிரிவு என்று சில பள்ளிகளே தராசு வைத்து நிறுத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இருந்ததே இல்லை. பிரிவு என்பது பிள்ளையின் அறிவுக்கு நாம் தரும் பட்டயமன்று. இரண்டாண்டு கழித்து எந்தக் கதவுகள் திறந்திருக்கும், எவை மூடியிருக்கும் என்பதற்கான ஏற்பாடு, அவ்வளவே. ஆகையால் கதவிலிருந்து பின்னோக்கி நடந்து வந்து பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த பிரிவில் பொறியியலும் மருத்துவமும் விவசாயப் படிப்பும் செவிலியமும் எல்லாமே திறந்திருக்கின்றன; ஆனால் சுமை மிக அதிகம். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுத்தவனுக்குப் பொறியியல் உண்டு, மருத்துவத்துக்கான நீட் தேர்வு இல்லை. தாவரவியலும் விலங்கியலும் எடுத்துக் கணிதத்தை விட்ட பெண்ணுக்கு நீட் உண்டு, பொறியியல் இல்லை. காமர்ஸ் பிரிவில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் பி.காம்., ஆடிட்டர் படிப்பு, வங்கித் தேர்வு என்று போகிறார்கள். வரலாற்றுப் பிரிவைக் கடைசிப் பெஞ்சு என்று இளக்காரமாக நினைப்பவர்கள், ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவும் தடையில்லை என்பதையும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் வரலாறும் அரசியலமைப்பும் பொருளாதாரமும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் ஒரு பழைய வினாத்தாளை வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1978 முதலே இருந்துவரும் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல், மின் பொறியியல், இயந்திரவியல், செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று பலவகை உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பிரிவினருக்கென்று பொறியியல் கலந்தாய்விலேயே தனி இடங்கள் வைத்திருக்கிறார்கள் என்பது அதை எடுத்த பையன்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது.

செங்கத்துக் குடியானவரிடம், பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். பையனைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் இன்னும் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கெணத்து மோட்டாரை அவனே பிரிச்சி மாட்டுவான் சார். ஒரு தடவ ஷாக் அடிச்சி உழுந்தான், அப்பவும் உடல" என்றார். கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவை எழுதினோம்.

அதற்குப்பின்தான் நான் வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்: "ஆறாம் வகுப்பிலேர்ந்து எங்கெங்க படிச்சான்?" அவர் முகம் சற்று மாறியது. ஆறாவது ஊர்ப் பள்ளியில். ஏழாவது மட்டும், ஊரில் நாலு பேர் அனுப்புகிறார்களே என்று, வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பினார். பணம் கட்ட முடியாமல் எட்டாவதில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அந்த ஓராண்டின் விலை என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது.

அதை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு இயற்றிய சட்டத்தின்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகியவற்றில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி எல்லாம் இதற்கு அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி, எத்தனை நல்ல பள்ளியாயினும், இந்தக் கணக்கில் சேராது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவசமாக எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. மற்றபடி இடையில் ஓராண்டு அறுந்தாலும் கயிறு அறுந்ததுதான்.

இதே ஆறிலிருந்து பன்னிரண்டு என்னும் கணக்கு வேறு இடத்திலும் வருகிறது. உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இவற்றில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே டேனிஷ் மிஷன் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையனுக்கு மாதம் 1,000 உண்டு, 7.5 விழுக்காடு இல்லை. சட்டங்களை எழுதுகிறவர்கள் இத்தகைய நுட்பங்களை வகுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவற்றை வேன் டிரைவரிடமும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் கேட்டு முடிவு செய்கிற தகப்பன்மார் ஐந்தாம் வகுப்பு முடியும்போதே தெரிந்துகொள்ளாவிட்டால், தெரிந்துகொண்டும் பயனில்லை.

பயிற்று மொழியிலும் இப்படி ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு அரசு வேலையின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை என்ற சட்டம் 2010இல் வந்தது. பின்னர் செய்த திருத்தத்தின்படி, அந்த வேலைக்குரிய படிப்பை மட்டுமன்றி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, பிள்ளை இங்கிலீஷ் பேசும் என்று ஆறாம் வகுப்பில் மாற்றிவிடும் பெற்றோர், எதை வாங்குகிறோம் என்பதைப் போலவே எதை விற்கிறோம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆங்கில வழி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மின்வாரியத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஓர் உத்தியோகத்தையே குடும்பத்தின் கனவாக வைத்திருப்பவர்கள், பன்னிரண்டு வருஷ காலத்துத் தமிழ் வழிச் சான்றிதழைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வது, பேசத் தெரியாத இங்கிலீஷைக் காட்டிலும் மதிப்புள்ளது என்பது என் அபிப்பிராயம்.

காகிதம் என்று வந்துவிட்டதால் அதையே முடித்துவிடுவோம்; ஏனென்றால் திறமை இருந்தும் இடம் இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மதிப்பெண்ணால் இழக்கவில்லை, காகிதத்தால் இழந்தார்கள் என்பதே என் அனுபவம். முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஆதாரில் ஒருவிதமாகவும் பள்ளிப் பதிவேட்டில் இன்னொருவிதமாகவும் இருக்கிற பெயரும் முதலெழுத்தும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காகப் பள்ளியில் தயாரிக்கும் பெயர்ப்பட்டியலில் எப்படி ஏறுகிறதோ அப்படியே ஆயுள் முழுவதும் நின்றுவிடும். நாமினல் ரோல் என்று ஆசிரியர்கள் சொல்லும் அந்தப் பட்டியலைப் பையனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் நாளில், பெற்றோர் ஒருமுறை நேரில் வந்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தால், பின்னால் அரசிதழில் பெயர் மாற்ற அலையும் சிரமம் மிச்சம். தகப்பனார் படிக்காதவர் என்றால் கூச்சப்படாமல், "எங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்க வேண்டும். எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

அடுத்தது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இவை நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் வரை போய்த் திரும்புகின்றன; ஆனால் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கில்லை, வருவாய்க் கோட்டாட்சியருக்கே உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து வரும் மலையாளிப் பிள்ளைகளும், சமவெளியில் ஏரிக்கரையோரம் வாழும் இருளர் பிள்ளைகளும் விசாரணைக்கென்று மாதக்கணக்கில் காத்திருக்க நேருவதால், அவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். வருமானச் சான்றிதழ் மட்டும் காலம் கடந்தால் செல்லாது. புதிதாக வாங்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், தாத்தா பாட்டி முதல் உடன்பிறந்தார் வரை எவரும் பட்டம் பெறாத குடும்பத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை தருவது. 2010ஆம் ஆண்டிலிருந்து இருப்பது. செங்கத்துப் பையனுக்கு 7.5 விழுக்காடு போய்விட்டதால், இது ஒன்றுதான் கைப்பிடியாக மிஞ்சியது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்திலேயே விண்ணப்பம் போடச் சொன்னேன். மே மாதம் வந்தபின் இ-சேவை மையத்து வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பாடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; அது ஆசிரியர்களுக்குத் தெரிந்த வேலை. ஆயினும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த மதிப்பெண் இப்போது 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பொறியியலுக்கு எடுத்துக்கொள்ளும் கட்ஆப் என்பது கணிதத்தின் 100, இயற்பியலின் 50, வேதியியலின் 50 சேர்ந்த 200. அதில் அரை மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அடுக்கியிருப்பார்கள். முன்காலத்தில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போடச் செய்த பள்ளிகள் உண்டு. அதை நிறுத்தத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நீட், ஜே.இ.இ. தேர்வுகளின் கேள்விகளில் ஏறக்குறையப் பாதி பதினோராம் வகுப்பிலிருந்தே வருகின்றன என்பதையும், கல்லூரி முதலாண்டுக் கணிதம் அந்தப் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது என்பதையும் மறந்து, பழைய குறுக்கு வழி மறுபடி திறந்துவிடக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை டிசம்பரில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதி வெறுமையாக இருந்தால் தலைமையாசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ கேளுங்கள்.

டிசம்பர் என்றதும் இந்த ஊருக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். கார்த்திகை தீபமும் அரையாண்டுத் தேர்வும் அடுத்தடுத்து வருகின்றன. மாதந்தோறும் பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் ஜனசமுத்திரம். அந்த இரவுகளில் இளநீர்க் கடையிலும் சுண்டல் தள்ளுவண்டியிலும் செருப்புக் காப்பகத்திலும் நிற்கிற பிள்ளைகளில் பலர் மறுநாள் காலை நம் வகுப்பில் தூங்குகிறவர்கள். அவர்களைத் தூங்குமூஞ்சி என்று திட்டுவது எளிது. அந்த இரவின் வருமானம்தான் அந்த வீட்டின் அடுத்த மாத வாடகை என்பதை அறிந்த ஆசிரியர், பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்புத் தேர்வு வைக்கமாட்டார். காலண்டரைப் பார்த்துத் தேர்வு தேதி போடுவது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஏற்பாடு. ஊர் தெரிந்த பள்ளி அதைச் செய்கிறது.

அரசாங்கத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதலுக்கென்று ஆசிரியர்களைப் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள்; தேர்வு முடித்தவர்களுக்குக் கல்லூரிக் கனவு, எங்கும் சேராமல் விடுபட்டவர்களுக்கு உயர்வுக்குப் படி, கல்லூரிகளை நேரில் பார்க்கக் களப்பயணம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பதினோராம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அதில் தேறும் 1,500 பேருக்கு இரண்டாண்டு காலம் மாதம் 1,500 ரூபாய். பாதி இடங்கள் அரசுப் பள்ளியினருக்கே. இவற்றின் மதிப்பு, திட்டத்தின் பெயரில் இல்லை. பள்ளியில் அதற்கென்று வாரத்தில் ஒரு பீரியட் உண்மையிலேயே நடக்கிறதா, அல்லது கணக்கு ஆசிரியர் பாடம் முடிக்கக் கடன் வாங்கிக்கொள்கிறாரா என்பதில் இருக்கிறது. களப்பயணத்தை மட்டும் நான் எப்போதும் உயர்வாகச் சொல்வேன். வேலூர்ச் சாலையோரத்து நெல் வயலைத் தவிர வேறொன்றும் பார்க்காத பெண், வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தன் அப்பா விதைக்கும் அதே மல்லாட்டையைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் படிக்கிறார்கள் என்று கண்டால், ஆயிரம் சொற்பொழிவு செய்யாததை அந்த அரைநாள் செய்துவிடும். 2014இல் தொடங்கிய அந்தக் கல்லூரியும், 2013இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும், ஆரணியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் நம் மாவட்டத்துக்குள்ளேயே, ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கின்றன என்பதைப் பல பிள்ளைகள் கலந்தாய்வுப் பட்டியலில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

கலந்தாய்வு இப்போது வீட்டிலிருந்தபடியே கணினியில் நடக்கிறது. அதில் எங்கள் பிள்ளைகள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: விருப்பப் பட்டியலில் கேள்விப்பட்ட நாலைந்து கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு, இடம் ஒதுக்கப்படவில்லை என்று அழுவது. பட்டியலுக்கு நீளம் கட்டுப்பாடில்லை. சென்ற ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தக் கட்ஆப் வரை இடம் போயிற்று என்ற விவரமும் பகிரங்கமாகக் கிடைக்கிறது. தன் கட்ஆபுக்கு மேலே சில, சமமாகப் பல, கீழே சில என்று ஆசை வரிசையில் எழுத வேண்டும். பிரௌசிங் சென்டர்க்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, "நீங்களே போட்டுடுங்கண்ணா" என்று வருவது, பத்திரத்தில் வெற்றுக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தில் வழிகாட்டி ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு பிள்ளையே தன் விரலால் அழுத்தட்டும்.

எல்லோரும் பட்டப்படிப்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்தவன் பொறியியல் இரண்டாமாண்டில் நேரே சேரலாம், ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாமாண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் அல்லது தொழிற்பிரிவு படித்தவனுக்கும் அந்த வாசல் உண்டு. சுற்றி வருகிற பாதைதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கையில் ஒரு தொழில் இருக்கிறது. செய்யாறு சிப்காட்டின் ஆலைகளில் வேலைக்கு ஆளெடுக்கும்போது, பாதியில் நின்ற பி.ஏ.வைவிட முடித்த ஐ.டி.ஐ. முன்னே நிற்கும். மலைப் பிள்ளைகள் விஷயத்தில் இதை வெறும் யோசனையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாவதோடு நின்ற பையனைப் பெங்களூருக் கட்டட வேலைக்கு அழைத்துப்போக ஒரு மேஸ்திரியும், அதைவிடப் பெரிய கூலி சொல்லி ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்ட அழைத்துப்போக ஒரு தரகனும் எப்போதும் காத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையான 20 பேரில் நம் மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். மலையடிவாரத்துப் பள்ளியில், பத்தாம் வகுப்பு முடிந்த பிள்ளை ஜூன் மாதத்தில் எங்கே இருக்கிறான் என்று ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதைவிடப் பெரிய தொழில் வழிகாட்டுதலை நான் அறியேன்.

தோற்றவர்களுக்கு ஒரே வாக்கியம்: கோடையிலேயே துணைத்தேர்வு இருக்கிறது, விண்ணப்பத்துக்கு நாட்கள் குறைவு, முடிவு வந்த அன்றே பள்ளிக்கு வந்துவிடுங்கள், அதில் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம்.

தேறியவர்கள் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வரும் நாளில் பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் செய்துகொடுக்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை அட்டையின் பின்னால் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கியதும் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை லேமினேட் செய்யாதீர்கள்.

செங்கத்துப் பையனுக்கு ஆரணியில் இடம் கிடைத்தது. மோட்டார் பிரித்த கை என்பதால் செய்முறை வகுப்பில் நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான்காண்டு கழித்து, அதே மே மாதத்தில், அவனுடைய தங்கை பத்தாம் வகுப்பு தேறியபோது, குடியானவர் வரவில்லை. களத்தில் மல்லாட்டை காய்கிறது, ஆள் நகர முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதே வேப்பமரத்தடியில் அண்ணன்தான் அவளை அழைத்துக்கொண்டு வந்து நின்றான். மஞ்சள் பை இல்லை. பிளாஸ்டிக் உறைகளுள்ள ஒரு ஃபைலில் காகிதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.

"இவ ஆறாவதுலேர்ந்து கவர்மெண்ட் ஸ்கூல்தான் சார், எங்கயும் மாத்தல. மொத பட்டதாரி சர்டிபிகேட் எனக்கு வாங்கிட்டதால இவளுக்குத் தரமாட்டாங்க. ஆனா ஏழரை பர்சென்ட் இருக்கு, காலேஜ் சேந்தா மாசம் ஆயிரமும் வரும். சாதிச் சான்றிதழ் வாங்கியாச்சு, பேரு எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஃபைலை என் மேஜைமேல் வைத்து, தங்கையை முன்னால் நகர்த்தினான். "குரூப்பு மட்டும் அவகிட்டயே கேளுங்க சார்."